ராயபுரம் முதல் எண்ணூர் வரை... உங்க வீட்டு டீக்கும் காபிக்கும் எந்த ஆர்.ஓ சரிப்படும்?

ஒரு சின்ன டெஸ்ட். பால் சேர்க்காம ஒரு டம்ளர் டீ போடுங்க. அஞ்சு நிமிஷம் தொடாம வைங்க. மேல எண்ணெய் படிஞ்ச மாதிரி மினுமினுன்னு ஒரு மெல்லிசான படலம் வந்து, ஸ்பூனால தொட்டா துண்டு துண்டா உடையுதா? பால் ஆடையா இருக்க வாய்ப்பே இல்ல, நாமதான் பாலே ஊத்தலையே. டீத்தூள் கம்பெனியையும் திட்ட வேண்டாம். அது உங்க வீட்டுத் தண்ணியோட வேலை.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில மைக்கேல் ஸ்பைரோ, ஜகன்யி-ன்னு ரெண்டு வேதியியலாளர்கள் இந்தப் படலத்தை மெனக்கெட்டு ஆராய்ச்சி பண்ணி, 1993-ல 'நேச்சர்' இதழ்ல எழுதியிருக்காங்க. தண்ணியில கால்சியமும் பைகார்பனேட்டும் அதிகமா இருந்தா, டீயில இருக்கிற பாலிஃபீனால்கள் காத்து படுற இடத்துல அதோட சேர்ந்து ஏடா மிதக்குது. காய்ச்சி வடிச்ச சுத்தமான தண்ணியில இது வர்றதில்ல. எலுமிச்சை பிழிஞ்சாலும் வராது, ஏன்னா புளிப்பு பைகார்பனேட்டை காலி பண்ணிடும்.

திருவொற்றியூர்லயும் எண்ணூர்லயும் போர் தண்ணியில டீ போட்டுப் பார்த்தவங்களுக்கு இது புதுசா இருக்காது. கூடவே லேசான உப்புக் கரிப்பு, பாத்திரத்து அடியில வெள்ளை வெள்ளையா படிவு. உடனே வீட்டுல எல்லாருக்கும் தோணுறது, "ஒரு ஆர்.ஓ மாட்டிடலாம்." மாட்டலாம். ஆனா வடசென்னையில அந்த முடிவை எடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு விஷயம் பார்த்தே ஆகணும். பார்க்காம வாங்கினா, பத்தாயிரம், பதினஞ்சாயிரம் செலவு பண்ணிட்டு, தேவையில்லாத மெஷினை மாட்டியிருப்போம். அதைவிட மோசம், காப்பாத்தாத மெஷினை நம்பிக்கிட்டு இருப்போம்.

குழாய்ல வர்றது யார் வீட்டுத் தண்ணி?

நம்ம ஏரியாவுல ஒரே வீட்டுக்குள்ள மூணு தண்ணி இருக்கும். குளிக்கத் துவைக்க போர். சமையலுக்கு மெட்ரோ வாட்டர், அது குழாயோ அடிபம்போ லாரியோ. குடிக்க 20 லிட்டர் கேன். இந்த மூணுக்கும் குணம் வேற வேற. ஆர்.ஓ விக்க வர்றவர் பெரும்பாலும் எதை டெஸ்ட் பண்ணுவார் தெரியுமா? மூணுல மோசமான போர் தண்ணியை. நீங்க குடிக்கப் போறது மெட்ரோ வாட்டரா இருந்தாலும் சரி.

போர் தண்ணி ஏன் இப்படி ஆச்சுங்கிறதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. மீஞ்சூர் சுத்துவட்டாரத்துல ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் கொண்டுவந்து போட்ட மணல் படுகையில அருமையான நிலத்தடி நீர் இருந்தது. 1960-கள்ல இருந்து நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் விவசாயத்துக்கும் அதை உறிஞ்சிக்கிட்டே இருந்தாங்க. நல்ல தண்ணி கீழ இறங்க இறங்க, அந்த இடத்தைப் பிடிக்க கடல் உள்ள வந்துச்சு. கிலோமீட்டர் கணக்குல. உப்பு ஒரு தடவை உள்ள வந்துட்டா, ரெண்டு நல்ல மழையில வெளிய போகாது.

மெட்ரோ வாட்டர் கதை வேற. வடசென்னைக்கு புழல் ஏரி தண்ணியோட சேர்த்து, காட்டுப்பள்ளியில இருக்கிற மீஞ்சூர் கடல்நீர் ஆலையோட தண்ணியும் வருது. 2010 ஜூலையில திறந்த இந்த ஆலையோட கொள்ளளவு ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். அந்த ஆலை கடல் தண்ணியை எப்படி நல்ல தண்ணியா மாத்துது? ஆர்.ஓ-லதான்! நம்ம சமையலறைச் சுவர்ல தொங்குற அதே டெக்னாலஜி, கட்டடம் சைஸுல. ஆக, ஏற்கெனவே ஆர்.ஓ பண்ணி, பிறகு சுண்ணாம்புச் சத்து சேர்த்து அனுப்புற தண்ணியை, நாம வீட்டுல மறுபடியும் ஆர்.ஓ பண்ணி, பாதிக்கு மேல சாக்கடையில விட்டுக்கிட்டிருக்கலாம்.

(போற போக்குல ஒரு தகவல். இந்த டெக்னாலஜியை நடைமுறைக்குக் கொண்டுவந்த சவ்வை 1959-60 வாக்குல அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல உருவாக்கினவங்க சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன்னு ரெண்டு பேர். சௌரிராஜன்னு கேட்டதும் திருக்கண்ணபுரம் பெருமாள் ஞாபகம் வருதா? ஆமா, இவர் இந்தியாவுல பிறந்தவர்தான்.)

அந்த பிரவுன் கலர் டெமோவை நம்பாதீங்க

டி.டி.எஸ் மீட்டர்னு பேனா சைஸுல ஒரு கருவி. ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்புகள் மொத்தமா எவ்வளவுன்னு ஒரு நம்பர் காட்டும், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு. ஆர்.ஓ வாங்குறதுக்கு முன்னாடி இதை வாங்குங்க. மெட்ரோ தண்ணி, போர், கேன் மூணையும் தனித்தனியா அளந்து போன்ல குறிச்சு வைங்க. ஏப்ரல் மே-ல ஒரு தடவை, மழைக்கு அப்புறம் ஒரு தடவை அளந்தா இன்னும் நல்லது. ரெண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் ஐ.எஸ் 10500, டி.டி.எஸ் 500 வரைக்கும் ஏத்துக்கலாம்னு சொல்லுது. வேற தண்ணியே கிடைக்கலைன்னா 2,000 வரை. உங்க மெட்ரோ தண்ணி 500-க்குள்ள இருந்தா பெரும்பாலும் ஆர்.ஓ தேவையே இல்ல. கார்பன் ஃபில்டரோட இருக்கிற யு.வி அல்லது யு.எஃப் மெஷின் போதும். கிருமி செத்துடும், குளோரின் வாசனை போயிடும், ஒரு சொட்டு வீணாகாது. 500-ல இருந்து 2,000 வரைன்னா ஆர்.ஓ-வுக்கு அர்த்தம் இருக்கு. 2,000-ஐத் தாண்டினா சாதாரண வீட்டு ஆர்.ஓ திணறும், சவ்வு சீக்கிரம் போயிடும். 2019 மே மாசம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ் 500-க்குக் கீழ இருக்கிற இடங்கள்ல ஆர்.ஓ-வைத் தடை பண்ணணும்னு உத்தரவு போட்டுச்சு. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. வழக்கு அதுபாட்டுக்குப் போகட்டும், அந்த 500-ங்கிற கணக்கை நாம ஞாபகம் வெச்சுக்கலாம்.

இப்ப டெமோ. ரெண்டு கண்ணாடி டம்ளர். ஒண்ணுல உங்க வீட்டுத் தண்ணி, இன்னொண்ணுல அவர் கொண்டுவந்த ஆர்.ஓ தண்ணி. ரெண்டுலயும் கம்பி வெச்ச ஒரு கருவியை விட்டு ஸ்விட்ச் போடுவார். ஒரே நிமிஷத்துல உங்க தண்ணி சாக்கடை மாதிரி பிரவுனாகி, மேல நுரை கட்டி நிக்கும். ஆர்.ஓ தண்ணி அப்படியே பளிச்சுன்னு இருக்கும். அம்மா முகம் மாறிடும். "பாருங்கம்மா, இதைத்தான் குழந்தைங்களுக்குக் குடுக்கிறீங்க!"

நடந்தது என்னன்னா, அந்தக் கம்பியில ஒண்ணு இரும்பு. உப்பு கரைஞ்ச தண்ணி கரன்ட்டைக் கடத்தும். கரன்ட் பாஞ்சதும் இரும்புக் கம்பி கரைஞ்சு துருவா வெளிய வருது. நீங்க பார்த்த பிரவுன் அழுக்கு அந்தக் கம்பியோட துரு. ஆர்.ஓ தண்ணியில உப்பு குறைவுங்கிறதால கரன்ட் சரியா பாயல, துரு வரல. அவ்வளவுதான் மேஜிக். அடுத்த தடவை யாராவது வந்தா, அவரோட ஆர்.ஓ தண்ணியில ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுட்டு மறுபடி ஸ்விட்ச் போடச் சொல்லுங்க. அதுவும் பிரவுனாகும். அண்ணன் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவார்.

மீட்டர் கண்ணுக்குத் தெரியாதது

இதுவரைக்கும் சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். வடசென்னைக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு. மத்த ஊர்க்காரங்க எழுதுற 'ஆர்.ஓ வாங்குவது எப்படி' கட்டுரைகள்ல இது வராது.

2013-ல தண்டையார்பேட்டையில சில தெருக்கள்ல போர் போட்டா தண்ணியோட பெட்ரோலிய எண்ணெய் வந்துச்சு. நிலத்துக்கு அடியில போற எண்ணெய்க் குழாய்ல கசிவு. அந்தத் தண்ணியை டி.டி.எஸ் மீட்டர்ல அளந்திருந்தா என்ன காட்டியிருக்கும்? எண்ணெய்க்காக ஒரு நம்பர்கூட ஏறியிருக்காது. ஏன்னா மீட்டர் உண்மையில அளக்கிறது தண்ணி எவ்வளவு கரன்ட் கடத்துதுங்கிறதை. பெட்ரோலும் டீசலும் கரன்ட் கடத்தாது. மீட்டரைப் பொறுத்தவரை அது இல்லவே இல்ல.

உலோகங்கள் கதையும் இதேதான். அனல்மின் நிலையச் சாம்பல்ல ஆர்செனிக், ஈயம் மாதிரியான உலோகங்கள் இருக்கும். எண்ணூர்ல சாம்பல் குட்டைகள் எங்க இருக்குன்னு அங்க இருக்கிறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. குடிநீர்ல ஆர்செனிக்குக்கும் ஈயத்துக்கும் இருக்கிற வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போல அஞ்சு மடங்கு இருந்தாலும் 0.05 தான். முழு நம்பர் மட்டும் காட்டுற மீட்டர்ல 350, 350-ஆவே இருக்கும். "என் தண்ணி 350 தான், சூப்பர் தண்ணி"ன்னு நாம ஸ்டேட்டஸ் போட்டுக்கிட்டிருப்போம்.

இதுல உலோகங்களை ஆர்.ஓ சவ்வு பெரும்பாலும் தடுத்துடும். அதனால சாம்பல் குட்டைக்கும் ஆலைகளுக்கும் பக்கத்துல போர் தண்ணியைத்தான் குடிச்சாகணும்ங்கிற நிலைமைன்னா, டி.டி.எஸ் 500-க்குக் கீழ இருந்தாலும் ஆர்.ஓ வேணும். தீர்ப்பாயக் கணக்கு இங்க செல்லாது. ஆனா எண்ணெய் வேற. பெட்ரோலியப் பொருட்கள்ல சின்னச் சின்ன மூலக்கூறுகள் சவ்வைத் தாண்டி வரலாம், எண்ணெய் படிஞ்சா சவ்வே கெட்டுப்போகும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட மணலிப் பக்கம் இருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆத்துலயும் எண்ணூர் கழிமுகத்துலயும் படர்ந்ததைப் பார்த்தோம். தண்ணியில பெட்ரோல், மண்ணெண்ணெய் வாசனை லேசா வந்தாலும் அந்தப் போரைக் குடிக்க, சமைக்க எதுக்கும் தொடாதீங்க. எவ்வளவு விலை கொடுத்து மெஷின் மாட்டினாலும் சரி. அதுக்குத் தீர்வு வேற தண்ணி, வார்டு ஆபீஸ்ல எழுத்துல ஒரு புகார்.

போர்தான் கதின்னு இருக்கிறவங்க ஒரு தடவையாவது லேப்ல கொடுத்துப் பாருங்க. கிருமி டெஸ்ட்டுக்கு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கு. உலோகங்களுக்கு என்.ஏ.பி.எல் அங்கீகாரம் இருக்கிற தனியார் லேப்கள் இருக்கு. கொடுக்கும்போது 'ஹெவி மெட்டல்ஸும் பார்க்கணும்'னு தனியா கேளுங்க. சாதாரண பேக்கேஜ்ல அது இருக்காது. அபார்ட்மென்ட்ல எல்லாரும் சேர்ந்து ஒரே சாம்பிள் கொடுத்தா ஆளுக்கு வர்ற செலவு, ஒரு மெஷினோட வருஷ சர்வீஸ் காசைவிடக் கம்மிதான்.

பீர் காய்ச்சுறவங்க கிட்ட கத்துக்க வேண்டியது

சரி, ஆர்.ஓ மாட்டியாச்சு. டீ ஏடு போயிடுச்சு. ஆனா காபி சப்புன்னு இருக்கு, டிகாக்‌ஷன் ஒட்டவே மாட்டேங்குது. இந்தப் புகார் நிறைய வீட்டுல உண்டு.

வெளிநாடுகள்ல வீட்டுலயே பீர் காய்ச்சுறது ஒரு ஹாபி. (இங்க 1937-ம் வருஷ மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். அதனால டெக்னிக்கை மட்டும் எடுத்துக்குவோம்.) அவங்க தண்ணியைப் பத்திப் பேசுற அளவுக்கு நாம காபியைப் பத்திக்கூடப் பேசுறதில்ல. இங்கிலாந்துல பர்ட்டன்னு ஒரு ஊர், அங்க நிலத்தடி நீர்ல ஜிப்சம் அதிகம், அதனாலேயே அந்த ஊர் கசப்பு பீர் உலகப் புகழ். செக் நாட்டு பில்சன்ல தண்ணி ரொம்ப மென்மை, அங்க 1842-ல பிறந்தது மெல்லிசான தங்கக் கலர் பீர். இப்ப வீட்டுல காய்ச்சுறவங்க எந்த ஊர் பீரையும் எங்கேயும் செய்யணும்னா, முதல்ல ஆர்.ஓ வெச்சு தண்ணியை வெத்துக் காகிதம் மாதிரி ஆக்கிடுறாங்க. அப்புறம் ஜிப்சம், கால்சியம் குளோரைடுன்னு வேண்டிய உப்பை கிராம் கணக்குல அளந்து போடுறாங்க.

காபிக்கும் இந்த லாஜிக்தான். காபிக்கொட்டையில இருக்கிற ருசியை இழுத்துக்கிட்டு வர்றதுக்கு தண்ணியில கொஞ்சம் கால்சியமும் மெக்னீசியமும் வேணும். ஸ்பெஷாலிட்டி காபி சங்கம் ரொம்ப காலமா சொல்ற கணக்கு டி.டி.எஸ் 150 பக்கம், 75-ல இருந்து 250 வரை ஓகே. நம்ம வீட்டு ஆர்.ஓ-வுல வர்றது பல நேரம் 30, 40. சப்புன்னு இல்லாம என்ன செய்யும்?

இதுக்கு கம்பெனிகள் வெச்சிருக்கிற வழி 'டி.டி.எஸ் கன்ட்ரோலர்'. மெஷினுக்குள்ள ஒரு சின்ன திருகு. சர்வீஸ் பண்ண வர்ற தம்பி அதைத் திருகி, "இப்ப 120 வருதுக்கா, டேஸ்ட் நல்லா இருக்கும்"னு சொல்லிட்டுப் போவார். அந்தத் திருகு செய்யுறது என்ன? உள்ள வர்ற தண்ணியில ஒரு பங்கை சவ்வு வழியா அனுப்பாம, சுத்தி வேற வழியில கொண்டுவந்து நல்ல தண்ணியோட கலக்குது. உள்ள வர்றது புழல் தண்ணின்னா பிரச்னை இல்ல. எண்ணூர் போர் தண்ணின்னா? எந்த உலோகத்தைத் தடுக்கணும்னு பதினஞ்சாயிரம் கொடுத்தோமோ, அதுவும் அந்தப் பக்கவழியில சேர்ந்து வருது. யு.வி லைட் கிருமியைக் கொல்லும், ஈயத்தை ஒண்ணும் பண்ணாது. பீர் காய்ச்சுறவர் வெளிய எடுத்த அழுக்கை மறுபடி உள்ள ஊத்த மாட்டார், தனக்கு வேண்டியதை மட்டும்தான் சேர்ப்பார். நாமளும் அப்படித்தான் இருக்கணும்.

அதனால போர்ல ஓடுற ஆர்.ஓ-ன்னா கன்ட்ரோலரை முழுசா மூடி வைக்கச் சொல்லுங்க. டேஸ்ட்டுக்கு மினரல் கார்ட்ரிட்ஜ் இருக்கிற மாடல் வாங்கலாம். சவ்வைத் தாண்டி வந்த தண்ணியில கொஞ்சம் கால்சியம், மெக்னீசியம் சேர்க்கிற டப்பா அது. ('அல்கலைன்', 'காப்பர் பிளஸ்' ஸ்டிக்கருக்கெல்லாம் கூட காசு கொடுக்கணுமான்னு கேட்டா, என் பதில் வேண்டாம்.) வீட்டுல மெட்ரோ வாட்டரும் வருதுன்னா இன்னும் ஈஸி. ஆர்.ஓ தண்ணி 40, மெட்ரோ தண்ணி 400-ன்னு வைங்க. ரெண்டு டம்ளர் ஆர்.ஓ-வுக்கு ஒரு டம்ளர் மெட்ரோ கலந்தா 160. எப்படியும் கொதிக்க வைக்கப் போறோம், கிருமி பயமும் இல்ல. மெட்ரோ தண்ணியில குளோரின் வாசனை இருந்தா முந்தின நாள் ராத்திரியே பாத்திரத்துல பிடிச்சு, மேல ஒரு மெல்லிய துணி போட்டு வெச்சுடுங்க. காலையில வாசனை வெகுவாக் குறைஞ்சிருக்கும். இந்தக் கலவையில ஃபில்டர் காபி போட்டுப் பார்த்துட்டுச் சொல்லுங்க.

வெளிய போற தண்ணிக்கும் கணக்கு உண்டு

சாதாரண வீட்டு ஆர்.ஓ ஒரு லிட்டர் நல்ல தண்ணி கொடுக்க சுமார் மூணு லிட்டரை வெளிய தள்ளும். நாலு பேர் வீட்டுல குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 15 லிட்டர்னா 45 லிட்டர் வெளிய. வருஷத்துக்கு 16,000 லிட்டருக்கு மேல. தெருவுக்கு வர்ற பெரிய மெட்ரோ லாரி 12,000 லிட்டர். ஒரு லாரித் தண்ணியையும் அதுக்கு மேலயும் ஒரு வீடு சாக்கடைக்கு அனுப்புது. 2019 ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி கொண்டுவந்து குடிச்ச ஊர் இது.

கடையில "ரெகவரி எவ்வளவு?"ன்னு கேளுங்க. 60 சதவிகிதம்னு சொன்னா, 10 லிட்டர் உள்ள போனா 6 லிட்டர் குடிக்கக் கிடைக்கும்னு அர்த்தம். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அதை எடுங்க. வீட்டு ஆர்.ஓ-வுக்கான தரச் சான்று ஐ.எஸ் 16240, அந்த முத்திரை இருக்கான்னு பாருங்க. வேஸ்ட் பைப்பை சிங்க்ல விடாம ஒரு டிரம்ல விட்டா, வீடு துடைக்க, பாத்ரூமுக்கு ஆகும். செடிக்கு ஊத்துறதுன்னா முதல்ல மீட்டர் வெச்சுப் பாருங்க. 1,500 இருக்கிற போர் தண்ணியோட வேஸ்ட் 2,000-ஐ நெருங்கும், கறிவேப்பிலை கருகிடும்.

காசிமேடு, ராயபுரம் பக்கம் நிறைய வீட்டுல குழாயே உள்ள வராது. அடிபம்புலயும் லாரியிலயும் குடத்துல பிடிக்கிற தண்ணிதான். சுவர்ல மாட்டுற ஆர்.ஓ-வுக்கு மேல ஒரு டேங்க் வேணும், கரன்ட் வேணும், வாடகை வீட்டுல சுவர்ல ஓட்டை போட ஓனர்கிட்ட அனுமதியும் வேணும். அந்த மெட்ரோ தண்ணி 500-க்குள்ள இருந்தா இதெல்லாம் தேவையே இல்ல. மேல ஊத்தினா கீழ வடியுற, கரன்ட் இல்லாத யு.எஃப் ஃபில்டர் போதும். வெள்ள நேரத்துல, குழாய் உடைஞ்ச நேரத்துல மட்டும் அதையும் நல்லா கொதிக்க வெச்சுக்குங்க.

மெஷின் வாங்கின தேதியை அது மேலயே மார்க்கர்ல எழுதி வைங்க. கார்பன் ஃபில்டரை மாத்தாம விட்டா, குளோரின் உள்ள போய் சவ்வை அரிச்சுடும். புதுசுல 40 காட்டின தண்ணி படிப்படியா 150, 200-ன்னு ஏறுதுன்னா சவ்வு போயிடுச்சுன்னு அர்த்தம். ஏ.எம்.சி ஆளுக்கு போன் பண்ற நேரம் அதுதான்.